படகுப் பங்கை விற்பதற்கு முன்: கருவின் மரபணு சோதனை பற்றித் தங்கச்சிமடத்துத் தம்பிக்கு

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 31. தாய்மாமன் மகளை மணந்தவர், மனைவிக்கு 26. முதல் பிள்ளை ஆண். மூன்றாம் மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை, காலை உதைக்கவில்லை. மதுரையில் ரத்தம் எடுத்துச் சோதித்ததில் எஸ்.எம்.ஏ. என்ற தசைநலிவு நோய் என்றார்கள். ஒன்பதாம் மாதம் சளி பிடித்து, மூச்சு விட முடியாமல் பிள்ளை இறந்துவிட்டான். இப்போது ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில், "சோதனைக்குழாய் முறையில் கருவை உருவாக்கி, மரபணு சோதனை செய்து, நோயில்லாத கருவை வைத்துவிடலாம்" என்றிருக்கிறார்கள். செலவுக்கு விசைப்படகில் இருக்கும் பங்கை விற்க வேண்டும். அவர் கேட்பது இவை: பங்கை விற்கலாமா? சோதனை நிச்சயமானதா? கருவைக் குடைந்து எடுத்தால் பிள்ளைக்கு ஊனம் வராதா? இவ்வளவு செலவு செய்கிறோமே, ஆண் கருவாகப் பார்த்து வைக்கச் சொல் என்று அம்மா சொல்கிறார், அது முடியுமா? அடுத்த ஆண்டு தங்கையை மனைவியின் அண்ணனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு, அதை என்ன செய்வது?

தம்பி, படகுப் பங்கை இப்போது விற்காதீர்கள். சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்களுக்காகவே உருவான சோதனை அது. ஆனால் அதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆகும் செலவு, கேட்ட தொகையில் சிறு பகுதிதான். அவற்றைச் செய்யாமல் ஊசி போடத் தொடங்கினால் பங்கும் போய், பணமும் போய், விடையும் கிடைக்காமல் நிற்பீர்கள். நான் பாம்பனில் பிறந்தவள். மதுரையில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கடற்கரை ஊர்க்காரர்கள் மஞ்சள் பையில் மடிப்பு கிழிந்த ரிப்போர்ட்டுகளோடு வந்து என் முன்னால் உட்காருகிறார்கள். பாதிப்பேர் பணத்தைக் கட்டிய பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது. "அவள் வயிற்றில்தான் குறை என்று வீட்டில் பேசுகிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். நம் செல்களில் மரபணுக்களைத் தாங்கியிருக்கும் இழைகளைக் குரோமோசோம் என்பார்கள். அதில் ஐந்தாம் குரோமோசோமில் எஸ்.எம்.என்.1 என்று ஒரு மரபணு இருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புச் செல்கள் பிழைத்திருக்கத் தேவையான புரதத்தை அது செய்து தருகிறது. ஒவ்வொருவருக்கும் அதில் இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு நங்கூரக் கயிற்றில் ஒன்று அறுந்தாலும் படகு நிற்பதைப் போல. ஒரு பழுதோடு இருப்பவரைக் கேரியர் என்பார்கள், நான் சுமப்பவர் என்று சொல்கிறேன். சுமப்பவருக்கு நோய் இல்லை, கடலுக்குப் போவார், வலை இழுப்பார், எண்பது வயது வரை வாழ்வார். உலகத்தில் ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவர் இந்த மரபணுவில் சுமப்பவர்தான்.

உங்கள் மகனுக்கு இரண்டு கயிறும் அறுந்தே வந்தன. ஒன்று உங்களிடமிருந்து, ஒன்று உங்கள் மனைவியிடமிருந்து, சரிக்குச் சரி. உங்கள் அம்மாவும் உங்கள் மாமனாரும் உடன்பிறந்தவர்கள். அவர்களைப் பெற்ற தாத்தா, பாட்டி இருவரில் ஒருவரிடம் இருந்த ஒரே ஒரு பழுதுப் பிரதி பெரும்பாலும் இரண்டு கிளையாகப் பிரிந்து இறங்கி, உங்கள் மகனிடம் மறுபடி சேர்ந்திருக்கிறது. அந்தப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தன்னிடம் அப்படி ஒன்று இருந்தது தெரிந்திருக்க வழியே இல்லை. இதில் யார் வயிற்றில் குறை, தம்பி? குறை சொல்ல ஆள் தேடினால் சிலுவை நட்ட கல்லறை ஒன்றில்தான் போய் நிற்க வேண்டும்.

நீங்கள் இருவரும் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நோயில்லாமல் உங்களைப் போலவே சுமப்பவராக இருக்க நான்கில் இரண்டு. பழுதே இல்லாமல் இருக்க நான்கில் ஒன்று. இந்தக் கணக்கை நம் ஊரில் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். "ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று சொல்லி அடுத்த பிள்ளை பெற்றவர்களை எனக்குத் தெரியும். சோழி உருட்டும்போது போன தடவை என்ன விழுந்தது என்று சோழிக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புது உருட்டல். நான்கு பிள்ளை பெற்று நான்கும் நன்றாக இருக்கும் வீடும் உண்டு, அடுத்தடுத்து இரண்டைப் பறிகொடுத்த வீடும் உண்டு. என் பெரியம்மா வீடு இரண்டாவது வகை. அந்தக் காலத்தில் பெயர்கூடத் தெரியாத நோய் அது. எங்கள் பெரியம்மா செத்துப்போகும்வரை தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

இனி சோதனைக்கு வருகிறேன். கருவின் மரபணுவைச் சோதிப்பது புதுச் சரக்கு இல்லை. லண்டனில் ஆலன் ஹேண்டிசைடும் அவருடைய குழுவினரும் 1990-லேயே இதைச் செய்து கர்ப்பம் தரிக்கவைத்தார்கள். அப்போது மூன்றாம் நாள் கருவிலிருந்து ஒரு செல்லை எடுத்தார்கள். இப்போது ஐந்தாம் அல்லது ஆறாம் நாள்வரை காத்திருக்கிறார்கள்.

உங்கள் மனைவிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போடுவார்கள். வழக்கமாக மாதம் ஒன்று முதிரும் சினைமுட்டை அப்போது ஒரே சமயத்தில் பல முதிரும். மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவார்கள், வேறு விந்தணுக்கள் முட்டையின் மேல் ஒட்டியிருந்தால் அவற்றின் மரபணு சோதனையைக் குழப்பிவிடும் என்பதால். ஐந்தாம் நாள் கரு நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் கொண்ட ஒரு குட்டிப் பந்து. பேனா முனையால் தாளில் தொட்ட புள்ளியைவிடச் சிறியது.

அதை நுண்ணோக்கியில் ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்க முடியாது. கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் நீர் நிறைந்த ஒரு குமிழி. அதன் உட்சுவரில் ஒரு பக்கத்தில் மட்டும் செல்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், மீன் முட்டைக் கொத்து போல. அந்தக் கொத்துதான் பிள்ளை. குமிழியைச் சுற்றி ஒற்றை வரிசையாக இருக்கும் செல்கள்தான் பின்னால் நஞ்சுக்கொடி ஆகும். ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குழல் கருவை மெல்ல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கொத்து இருக்கும் பக்கத்தை அந்தக் குழலோரம் திருப்பி, அதைத் தொடாதபடி எதிர்ப்பக்கத்தில் லேசர் ஒளியால் ஓட்டில் சிறு துளை போடுவார்கள். அந்தத் துளை வழியாக வெளி வரிசைச் செல்களில் ஐந்து முதல் பத்து வரை மற்றொரு குழல் உறிஞ்சும். செல்கள் பாகுக் கம்பிபோல இழுபடும். இரண்டு மூன்று லேசர்த் துடிப்பில் அறுபடும். கரு ஒரு கணம் சுருங்கிக் குறுகிவிடும், காற்றுப் போன பலூன் மாதிரி. பிறகு அதை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிடுவார்கள். எடுத்த செல்கள் ஒரு சிறு குப்பியில் மரபணு ஆய்வகத்துக்குப் போகும். விடை வரும்வரை கரு உறைந்தே காத்திருக்கும்.

ஆகவே உங்கள் பயத்துக்குப் பதில்: பிள்ளையாகப் போகும் செல்களை யாரும் தொடுவதில்லை. கை போய்விடும், கால் போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். இப்படிப் பிறந்த பிள்ளைகளைப் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள், பிறவி ஊனம் கூடியதாகத் தெரியவில்லை. நஞ்சுக்கொடிச் செல்களை எடுப்பதால் தாய்க்குக் கர்ப்ப கால ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுகிறதா என்பதை மட்டும் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். தேர்ந்த கை இல்லாத இடத்தில் கருவே பிழைக்காமல் போகும் ஆபத்தும் உண்டு. எனவே மருத்துவமனையின் பெயரைவிட, அங்கே துளையிட்டுச் செல் எடுப்பவர் யார், எத்தனை ஆண்டாக இதைச் செய்கிறார் என்பதைக் கேளுங்கள்.

சோதனை நிச்சயமா என்று கேட்டீர்கள். இங்கேதான் நீங்கள் கூர்ந்து படிக்க வேண்டும். ஐந்து செல்லில் இருக்கும் மரபணுப் பொருள் அற்பத்திலும் அற்பம். அதைப் பல லட்சம் மடங்கு பெருக்கித்தான் படிக்க முடியும். பெருக்கும்போது இரண்டு பிரதியில் ஒன்று பெருகாமல் விடுபட்டுவிடலாம். அப்போது விடை திரிந்துபோகும். எஸ்.எம்.ஏ. விஷயத்தில் இன்னொரு சிக்கல்: எஸ்.எம்.என்.1-க்குப் பக்கத்திலேயே எஸ்.எம்.என்.2 என்று ஏறக்குறைய அதே அச்சில் ஒரு மரபணு இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளில் எவன் எவன் என்று தூரத்திலிருந்து சொல்வது போன்ற வேலை. ஆகவே நல்ல ஆய்வகம் பழுதை மட்டும் தேடாது. அந்தப் பழுதுக்கு முன்னும் பின்னும் உள்ள மரபணு அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கும். கடலில் கல் இருக்கும் இடத்தை நேரே பார்க்க முடியாதபோது கரையில் கோபுரத்தையும் பனையையும் கோடு பிடித்துக் கணிப்பதில்லையா, அதே முறைதான்.

அந்தக் கோடு பிடிக்க வேண்டுமானால் குடும்பத்தின் ரத்தம் வேண்டும். உங்கள் இருவருடையது, ஆய்வகம் வைத்திருந்தால் இறந்த மகனுடையது, கிடைத்தால் இரு வீட்டுப் பெற்றோருடையதும். எந்த அடையாளம் பழுதோடு சேர்ந்து பயணிக்கிறது என்பதை மகனின் மாதிரிதான் சந்தேகமில்லாமல் காட்டும். உறவில் மணந்தவர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. தாத்தா பாட்டி ஒன்று என்பதால் கணவன் மனைவி இருவரின் அடையாளங்களும் பல இடங்களில் ஒன்றுபோலவே இருக்கும். அப்பா தந்தது எது, அம்மா தந்தது எது என்று பிரித்துச் சொல்ல வேறுபடும் அடையாளங்களை ஆய்வகம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த முன்தயாரிப்புக்குச் சில வாரங்கள் பிடிக்கும். அது முடிந்து, "உங்கள் குடும்பத்துக்குச் சோதனை சாத்தியம்" என்று ஆய்வகம் எழுத்தில் கொடுத்த பிறகே உங்கள் மனைவியின் உடம்பில் முதல் ஊசி ஏறவேண்டும். உங்களிடம் பேசிய மருத்துவமனை இந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதனால்தான் பங்கை விற்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

எல்லாம் சரியாக நடந்தாலும் தவறான விடைக்கு மிகச் சிறிய வாய்ப்பு மிஞ்சும். அதனால் கர்ப்பம் தரித்த பிறகு நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்து ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளச் சொல்வோம்.

இப்போது நான் கோபத்தோடு எழுதவேண்டிய பகுதி. இந்தச் சோதனையில் பெயர் ஒன்றுபோல இருக்கும் இரண்டு வகை உண்டு. பி.ஜி.டி.-எம் என்பது குறிப்பிட்ட ஒரு நோயின் மரபணுவைத் தேடுவது. பி.ஜி.டி.-ஏ என்பது குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, 46 இருக்கிறதா, ஒன்று கூடவோ குறையவோ இருக்கிறதா என்று மட்டும் எண்ணுவது. உங்களுக்கு வேண்டியது முதல் வகை. எஸ்.எம்.ஏ. வந்த கருவிலும் 46 குரோமோசோமும் அழகாகவே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். முதல் பிள்ளைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை, மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேறொரு ஊரில் பெரிய மருத்துவமனையில் பெரும் பணம் கட்டி, "மரபணு சோதனை செய்த கரு" என்று வைத்துப் பெற்ற இரண்டாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கும் வெளிறிப்போன முகம், வீங்கிய வயிறு. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் "நார்மல்" என்று பச்சை நிறத்தில் அச்சிட்டிருந்தது. குரோமோசோம் எண்ணிக்கை நார்மல். தலசீமியாவை யாரும் தேடவே இல்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நாங்கள் எதற்காக வந்தோம் என்று அவர்களிடம் சொன்னோமே?" சொல்லியிருந்தார்கள், தம்பி. கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் கேட்கவில்லை. மரபணு சோதனை என்பது நீங்கள் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கு அது சொல்லும் "நார்மல்" என்ற சொல்லில் ஒரு பொருளும் இல்லை.

உங்களுக்கு எழுதித் தந்த கட்டண மதிப்பீட்டில் "எல்லாக் கருவுக்கும் குரோமோசோம் சோதனை" என்று இருந்தால், அது எதற்கு என்று கேளுங்கள். நாற்பது வயதுப் பெண்ணின் கருக்களில் பாதிக்கும் மேல் குரோமோசோம் கோளாறோடு இருக்கும். அவர்களுக்குப் பேசிப் பார்க்க இடமிருக்கிறது. உங்கள் மனைவிக்கு 26. சீனாவில் 20 முதல் 37 வயதுவரை உள்ள 1,212 பெண்களிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், குரோமோசோம் சோதனை செய்துகொண்டவர்களில் 77.2 சதவீதம் பேருக்கும், செய்யாமல் கருவை வைத்துக்கொண்டவர்களில் 81.8 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. சோதனையால் குழந்தை கூடவில்லை. கலப்புக் கரு என்று ஒன்றும் உண்டு: எடுத்த சில செல்களில் எண்ணிக்கை சரியாகவும் சிலவற்றில் தவறாகவும் இருப்பது. அப்படிப்பட்ட 18 கருக்களை இத்தாலியில் வைத்துப் பார்த்ததில் 6 ஆரோக்கியமான பிள்ளைகள் பிறந்ததாக 2015-ல் அறிவித்தார்கள். அவசரப்பட்டிருந்தால் அந்த ஆறும் குப்பைக்குப் போயிருக்கும். கையில் மூன்று நான்கு கருவே மிஞ்சும் வீட்டில், தேவையற்ற ஒரு சோதனையால் ஒன்றை இழப்பது சின்ன விஷயம் இல்லை.

மூன்று நான்கு என்று ஏன் சொன்னேன்? பன்னிரண்டு முட்டை எடுத்தால் ஒன்பதோ பத்தோ முதிர்ந்திருக்கும். ஏழு கருவுறலாம். ஐந்தாம் நாள்வரை தாக்குப்பிடிப்பவை மூன்று அல்லது நான்கு. இதில் சராசரியாக ஒன்றில் நோய் இருக்கும். மிஞ்சியதை ஒவ்வொன்றாக வைப்பார்கள், வைத்த கரு ஒவ்வொன்றும் பிள்ளையாகும் என்று யாராலும் உறுதி தர முடியாது. சில பேருக்கு ஒரு கருவும் மிஞ்சாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சுமப்பவராக இருக்கும் கருவை "அரைகுறை" என்று ஒதுக்காதீர்கள். அந்தக் கரு நீங்கள்தான், உங்கள் மனைவிதான். தாராளமாக வைக்கலாம்.

இன்னொரு வழியை உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. உங்களுக்குக் குழந்தை உண்டாவதில் சிக்கல் இல்லை. மணமான முதல் ஆண்டிலேயே கர்ப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். இயல்பாகக் கருத்தரித்து, 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து ஊசியால் துளித் திசு எடுத்து எஸ்.எம்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கலாம். நான்கில் மூன்று முறை "இல்லை" என்ற பதில்தான் வரும். செலவு சோதனைக்குழாய் முறையோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. அந்த ஊசியால் கரு கலையும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் கீழே. மோசமான பதில் வந்தால் முடிவெடுக்கச் சட்டம் அனுமதிக்கும் காலத்துக்குள்தான் இருப்பீர்கள்.

அந்த முடிவு எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். கல்லறையில் ஒரு பிள்ளையை வைத்துவிட்டு வந்த தாயிடம், வயிற்றில் இருப்பதைக் கலைக்கச் சொல்வது லேசான பேச்சு இல்லை. கருவைச் சோதிக்கும் முறைக்கு அத்தனை பணமும் அத்தனை ஊசியும் செலவழிப்பதன் நியாயமே இதுதான்: அந்த நாளை அவர் சந்திக்க வேண்டியதில்லை. நீங்கள் ஓரியூர்த் திருத்தலத்துக்கு நேர்ந்துகொண்டவர்கள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். மறைக்காமல் சொல்கிறேன்: கத்தோலிக்கத் திருச்சபை கலைப்பையும் ஏற்பதில்லை, 1987-ல் வெளியிட்ட அறிவுரையில் சோதனைக்குழாய் முறையையும் ஏற்கவில்லை. உறவுக்குள் மணம் முடிக்க விலக்கு வாங்கும்போது பங்குத் தந்தையிடம் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். இப்போதும் போய்ப் பேசுங்கள். எந்தச் சோதனையும் வேண்டாம், வருவது வரட்டும் என்று முடிவெடுத்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறந்த உடனேயே குழந்தையின் ரத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். எஸ்.எம்.ஏ.வுக்கு 2016 முதல் மருந்துகள் வந்திருக்கின்றன. அறிகுறி தெரியும் முன்பே தொடங்கினால் பலன் வெகுவாகக் கூடுகிறது. விலைதான் நம் கைக்கு எட்டாதது. ஒரே தடவை போடும் மரபணு மருந்துக்குப் பதினாறு கோடி ரூபாய் திரட்ட ஊர் ஊராக உண்டியல் ஏந்திய பெற்றோரைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். தத்தெடுப்பதும், தானம் பெற்ற சினைமுட்டை அல்லது விந்தணுவும் வேறு வழிகள். உங்கள் மனம் அதில் போகவில்லை என்று எழுதிவிட்டீர்கள், அதனால் விடுகிறேன்.

ஆண் கருவைத் தேர்ந்தெடுப்பது பற்றி: முடியாது, கேட்கவும் கூடாது. பாலினம் அறிந்து தேர்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2003-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் கருத்தரிப்புக்கு முந்தைய முறைகளும் அதற்குள் வந்துவிட்டன. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், முன்பே தெரிந்த பரம்பரை நோய்களைக் கண்டறிய மட்டுமே கருவைச் சோதிக்கலாம் என்கிறது. பாலினத் தேர்வு செய்து தருகிறோம் என்பவருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையோ, பத்து முதல் இருபத்தைந்து லட்சம் அபராதமோ, இரண்டுமோ உண்டு. காதோடு காதாக அப்படி ஆசை காட்டும் இடம் எதுவானாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தை மீறுகிறவர் உங்கள் கருவிடம் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று எப்படி நம்புவது? அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்த நோய் ஆண், பெண் பார்ப்பதில்லை. நாம் தேடுவது மூச்சுவிடத் தெரிந்த ஒரு பிள்ளையை.

உங்கள் தங்கை விஷயத்தைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதல் அவசரம். நீங்கள் சுமப்பவர் என்பதால் உங்கள் தங்கையும் சுமப்பவராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் மச்சானுக்கும் அதே கணக்கு. இருவரும் சுமப்பவராக இருக்க நான்கில் ஒன்று, அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒன்று. பெருக்கினால், பதினாறில் ஒன்று. தங்கை சொந்தத்துக்கு வெளியே மணந்தால் அது ஏறக்குறைய நானூறில் ஒன்றாக இறங்கிவிடும். ஆனால் கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தை என்னென்ன உடைக்கும் என்று தெரியும். ஆளுக்கு ஒரு சிரிஞ்சு ரத்தம் போதும். எம்.எல்.பி.ஏ. என்ற சோதனையில் எஸ்.எம்.என்.1 எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடுவார்கள். இருவரில் ஒருவருக்கு மட்டும் பழுது இருந்தாலோ, இருவருக்குமே இல்லாவிட்டாலோ மனநிறைவோடு நிச்சயம் செய்யலாம். இரண்டு நல்ல பிரதியும் ஒரே குரோமோசோமில் உட்கார்ந்து எண்ணிக்கையை ஏமாற்றும் அரிய நிலை ஒன்று உண்டு, அதை ஆலோசகர் குடும்ப வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்துச் சொல்வார். இருவருக்குமே பழுது இருந்தால், தெரிந்துகொண்டு முடிவெடுப்பார்கள். உங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைக்கட்டும். சோதனை முடிவைத் தங்கையிடம் நேரில் சொல்லுங்கள், ஊர்ப் பேச்சாக அவர் காதுக்குப் போகக் கூடாது.

எல்லாம் கூடிவந்து, கருவைச் சோதிக்கும் வழியையே தேர்ந்தால், நாட்களைக் கொஞ்சம் யோசித்து வையுங்கள். தங்கச்சிமடத்திலிருந்து மதுரை போய்வரவே ஒரு பகல் போய்விடும். ஊசி போடும் நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டால் நீங்கள் கூடவே இருக்கலாம். கடலில் இருக்கிற கணவனை நினைத்துக்கொண்டு தனியாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வயிறு உப்பி மூச்சு திணறினால், சிறுநீர் குறைந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது. மையம் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், காட்டுவது அவர்கள் கடமை. கட்டணத்தைச் சுற்றுக்கு எவ்வளவு, கருவுக்கு எவ்வளவு, உறைநிலையில் வைக்க ஆண்டுக்கு எவ்வளவு, ஒரு கருவும் தேறாவிட்டால் எவ்வளவு திரும்பும் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. நீங்களும் உங்கள் மனைவியும் எஸ்.எம்.ஏ. சுமப்பவர் சோதனைக்கு ரத்தம் கொடுங்கள். உங்கள் மகனுக்கு இரண்டு பிரதியும் இல்லை என்று ரிப்போர்ட் சொன்னாலும், உங்கள் இருவரின் ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே, மகனின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வகத்துக்குப் போன் செய்யுங்கள். ரிப்போர்ட்டின் மேல் மூலையில் மாதிரி எண் இருக்கும். அதைச் சொல்லி, பிள்ளையின் டி.என்.ஏ. இன்னும் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவது அவர்கள் வழக்கம். வைத்திருந்தால், அழிக்க வேண்டாம், எங்களுக்குத் தேவைப்படுகிறது என்று கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.